‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்ற சொல்லைத் தீர்மானப் புத்தகத்தில் எப்படி எழுதுவது?

குடமுருட்டிக்கரை (பாபநாசம் வட்டம்) – இழையைத் தொடங்கியவர்

அன்பர்களுக்கு வணக்கம். 31 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின், எங்கள் வாய்க்கால் பாசனதாரர் கூட்டங்களுக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. பேசியவற்றைத் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு வந்து, இரவு தீர்மானப் புத்தகத்தில் எழுத உட்கார்ந்தபோதுதான் ஒரே சொல் நான்கு இடங்களில் நான்கு பொருளில் வந்திருப்பதைக் கவனித்தேன்.

வாய்க்கால் தொடங்கும் தலைப்பில் உள்ள ஷட்டர் முழுதாக இறங்கவில்லை என்பதற்கு, “அந்தத் திருகை அட்ஜஸ்ட் பண்ணணும்” என்றார் ஒருவர். சென்ற ஆண்டு வசூலில் மீந்த பணத்தைப் பற்றி, “இந்த வருஷத்துல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்றார் பொருளாளர். கூடுதலாகத் தண்ணீர் விடச் செய்வது பற்றிய பேச்சில், “மேல ஆளப் பார்த்து அட்ஜஸ்ட் பண்ணிடலாம்” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கடைசியில், எல்லோரும் எழுந்துகொள்ளும் நேரத்தில், “கடைமடைக்காரங்க இந்தத் தடவ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போங்கப்பா” என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்கள்.

முதல் மூன்றுக்கும் ஏதோ ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டுவிடலாம். நான்காவது, அதாவது வாய்க்காலின் கடைசியில் நீர் பெறும் கடைமடைக்காரர்களுக்குச் சொன்னதுதான், என்னை உறங்க விடவில்லை. ‘கடைமடைப் பாசனதாரர்கள் அனுசரித்துக்கொள்ள வேண்டுமெனத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதி, அடித்துவிட்டேன். எதை அனுசரிப்பது, எத்தனை நாளுக்கு, ஏன் அவர்கள் மட்டும் என்ற எதுவும் அந்த வரியில் இல்லை. உங்கள் ஊரில், உங்கள் தொழிலில் இந்தச் சொல் எப்படி வழங்குகிறது, அதன் இடத்தில் வேறு என்ன சொல் இருந்தது என்று அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

---

வணிகவியல்_குடந்தை (கும்பகோணம்)

ஐயா, கணக்குப்பதிவியலில் இதற்கு நிலைத்த சொல் உண்டு. ‘சரிக்கட்டுப் பதிவு’ என்று மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கற்பித்துவருகிறேன். மார்ச் 31 அன்று கணக்கை முடிக்கும்போது அந்த மாத வாடகை இன்னும் கொடுபடாமல் இருந்தால், பணம் கைமாறாவிட்டாலும் அது இந்த ஆண்டின் செலவுதான். ஆகவே அதைச் செலவில் சேர்த்து, கொடுபட வேண்டியது என்று பொறுப்பிலும் காட்டுகிறோம். முன்கூட்டிச் செலுத்திய காப்பீட்டுக் கட்டணம், தேய்மானம், வாராக்கடன் எல்லாவற்றுக்கும் இதுவே முறை.

மாணவர்கள் அதிகமாக மதிப்பெண் இழக்கும் இடமும் இதுதான். ஒவ்வொரு சரிக்கட்டும் இரண்டு இடங்களில் தோன்ற வேண்டும். இலாபநட்டக் கணக்கில் ஒரு முறை எழுதிவிட்டு இருப்புநிலைக் குறிப்பில் விட்டுவிட்டால் இரண்டு பக்கமும் ஒருநாளும் பொருந்தாது. யாரிடமிருந்து போனது, எங்கே போய்ச் சேர்ந்தது என்ற இரண்டும் எழுதப்பட்டால்தான் அது சரிக்கட்டு. உங்கள் நான்காவது வரியில் ஒரு பக்கம்தான் எழுதப்பட்டிருக்கிறது.

‘ஆளைச் சரிக்கட்டிவிட்டான்’ என்ற வழக்கும் நம்மிடம் இருக்கிறது என்பதால், உங்கள் மூன்றாவது வாசகத்துக்கும் தமிழ் கைவசம் இருக்கிறது. அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத முடியாது என்பது வேறு. பொருளாளர் சொன்னதற்குச் ‘சரிக்கட்டு’ வேண்டாம். கடைத்தெருவில் சொல்வதுபோல் ‘கழித்துக்கொள்ளுதல்’ போதும்.

---

டேப்பட்_பட்டுக்கோட்டை (பட்டுக்கோட்டை)

நான் டீசல் எஞ்சின் மெக்கானிக். எங்கள் பட்டறையில் இந்தச் சொல் வராத நாள் கிடையாது. பில்டர் பாயிண்டுக்கு (ஆழம் குறைந்த குழாய்க்கிணறு) ஓடுகிற எஞ்சினைக் கொண்டுவந்து, ‘புகை தள்ளுகிறது, இழுவை இல்லை’ என்று சொன்னால், நாங்கள் முதலில் பார்ப்பவற்றில் ஒன்று டேப்பட் அட்ஜஸ்ட்மென்ட். வால்வின் தண்டுக்கும் அதை அழுத்துகிற ராக்கருக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். பில்லர் கேஜ் என்ற தகட்டை அதில் விட்டு இழுத்தால், விரலில் இலேசான பிடிப்பு தெரிய வேண்டும். லாக் நட்டைத் தளர்த்தி, திருகைப் பிடித்துக்கொண்டு, திரும்ப நட்டை இறுக்கி, மறுபடியும் தகட்டை விட்டுப் பார்ப்போம், ஏனென்றால் நட்டை இறுக்கும்போதே திருகு சற்று நகர்ந்துவிடும்.

இடைவெளியே இல்லாமல் இறுக்கிவிட்டால், எஞ்சின் சூடேறி இரும்பு நீளும்போது வால்வு முழுதாக மூடாது. அழுத்தம் கசியும், வால்வு கருகும். அதிகமாக விட்டால் டகடகவென்று அடிக்கும். அட்ஜஸ்ட்மென்ட் என்றால் நெருக்கி வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் தொழிலில் அது அளவாக இடம் விடுவது. தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டால், என் குருநாதர் ‘இடை பார்த்து வை’ என்பார்.

---

குடமுருட்டிக்கரை

‘இடை பார்த்து வை.’ தம்பி, எந்த அகராதியிலும் எனக்குக் கிடைக்காத சொல்லைக் கொடுத்திருக்கிறீர்கள். குறித்துக்கொண்டேன்.

---

சோழன்_பயணி (சீர்காழி)

அன்பர்கள் இந்தச் சொல்லை ஒரு குற்றவாளியைப்போல் நிறுத்தி விசாரிப்பதாக எனக்குப் படுகிறது. நான் சோழன் விரைவு வண்டியில் அடிக்கடி போகிறவன். பண்டிகைக்கு முதல் நாள் மூவர் அமரும் இருக்கையின் ஓரத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து நிற்கிறார். “தள்ளி உட்காருங்கள்” என்று அவர் சொன்னால் அது கட்டளையாகிவிடும். “இடம் கொடுங்கள்” என்றால் உரிமை கேட்பதுபோல் ஆகும். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமா?” என்று கேட்கும்போது, நெருக்கடி யாருடைய குற்றமும் இல்லை, அதைச் சேர்ந்து தாங்குவோம் என்ற தொனி வந்துவிடுகிறது. அந்த ஒரு சொல்லில் இருபது பேர் ஓர் அங்குலம் நகர்கிறார்கள். அப்படி நகர்ந்த அந்நியர்கள் சிறிது நேரத்தில் புளியோதரையைப் பகிர்ந்துகொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கிராமத்துப் பாட்டிகள் ‘அஜஸ்ட்டு’ என்று தம் நாவுக்கேற்ப மாற்றிச் சொல்கிறார்கள். ஒரு சொல் அந்த அளவுக்கு உள்ளே வந்துவிட்டால் அது நம் சொல்தான். அதன் பொருள் மங்கலாக இருப்பதே பேச்சில் அதன் உதவி.

---

சொல்லாய்வு_ஐயாறு (திருவையாறு)

இரு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது என்பதால் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

இச்சொல்லின் பிறப்பே இரட்டையானது. பிற்கால இலத்தீனில் ‘யுக்ஸ்தா’ என்றால் அருகில். அதிலிருந்து ‘அருகே கொண்டுவந்து சேர்’ என்ற வினை பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. போகும் வழியில், நேர்மை என்று பொருள்படும் ‘யுஸ்துஸ்’ என்ற வேறொரு சொல்லோடு மக்கள் இதைத் தொடர்புபடுத்திவிட்டார்கள். ஆகவே அருகாக்குதல், நேராக்குதல் என்ற இரண்டு பொருளும் அதில் ஒட்டிக்கொண்டன. இரயில் இருக்கையில் நாம் கேட்பது முதலாவது. தராசிலும் கணக்கிலும் எதிர்பார்ப்பது இரண்டாவது.

ஆனால் தமிழில் நடந்திருப்பது அதைவிட நுட்பமானது. நாம் அந்த ஆங்கில வினைச்சொல்லை எடுத்து, நம் வினைகளை அதன் பின்னால் கட்டியிருக்கிறோம். ஐயாவின் நான்கு வாசகங்களையும் பாருங்கள். ‘அட்ஜஸ்ட் பண்ணு’ என்றால் ஒரு பொருள்மீது செய்யும் வேலை, அது திருகுக்கு. ‘பண்ணிக்கொள்’ என்றால் செய்பவரிடமே விளைவு திரும்புகிறது. அது மீதிப் பணத்துக்கு. ‘பண்ணிவிடு’ என்றால் காரியத்தை முடித்துக் கைகழுவுதல். அது ஆளைப் பார்ப்பதற்கு. ‘பண்ணிப் போ’ என்றால் ஒரு நாள் செயல் அன்று. இனி எப்போதும் அப்படியே நட என்ற அறிவுரை அது. ஐந்தாவதாக ‘அட்ஜஸ்ட் ஆகிவிடும்’ என்று ஒன்று உண்டு. அதில் செய்பவரே காணாமல் போய்விடுகிறார்.

அதாவது, இரவல் சொல் மங்கலாக இருந்தாலும் வாக்கியம் மங்கலாக இல்லை. ‘கொள்’, ‘விடு’, ‘போ’, ‘ஆகு’ என்ற துணைவினைகள் வெளிச்சம் காட்டிக்கொண்டே இருக்கின்றன. எழுதும்போது நாம் இரவல் சொல்லை மட்டும் மொழிபெயர்த்துவிட்டுத் துணைவினையை விட்டுவிடுகிறோம். ‘அட்ஜஸ்ட்மென்ட் செய்யப்பட்டது’ என்று எழுதும் கணத்தில் யார், யாருக்காக என்ற இரண்டும் உதிர்ந்துவிடுகின்றன. நடவடிக்கைக் குறிப்பில் ஐயா இடறிய இடம் அதுவே என்று கருதுகிறேன்.

‘அனுசரி’ என்ற சொல்லை அடித்ததும் சரியான செயல். வடமொழி வேரில் அதற்குப் பின்தொடர்தல் என்று பொருள். விரதம் அனுசரிக்கிறோம், துக்கம் அனுசரிக்கிறோம். ஒருவரை அனுசரித்துப் போகச் சொல்வது அவர் பின்னால் நடக்கச் சொல்வதேயாகும்.

---

மயூரத்தாள் (மயிலாடுதுறை)

‘பண்ணிப் போ’ என்பதற்கு ஐயா தந்த விளக்கத்தைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே இருந்தேன். திருமணமான மறுவாரம் என் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன சொல் அது.

புகுந்த வீட்டில் ஆறு பேருக்குச் சமைப்போம். முன்னறிவிப்பில்லாமல் இருவர் வந்துவிட்டால், “இருக்கறதே அட்ஜஸ்ட் ஆயிடும்” என்பார் என் மாமனார். அவர் நல்ல மனிதர். வந்தவர் பசியோடு போகக்கூடாது என்ற எண்ணத்தில்தான் சொன்னார். ரசத்தில் வெந்நீர் ஊற்றி விளாவுவோம், கூட்டை அளந்து பரிமாறுவோம், எல்லோரும் வயிறார உண்டுவிட்டு எழுந்துபோவார்கள். கடைசியில் நானும் என் மாமியாரும் உட்காரும்போது சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் குழம்பைச் சோறு போட்டுப் பிசைந்து இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். அந்த இரண்டு விருந்தாளிகளின் சாப்பாடு தானாக எங்கிருந்தும் வரவில்லை. எங்கள் இரண்டு தட்டுகளிலிருந்து போனது. எனக்கு 24 வயது, மாமியாருக்கு 58. அவர் 40 ஆண்டுகளாக அப்படிச் சாப்பிட்டிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

சோழன்_பயணி தம்பி சொல்லும் இரயில் உதாரணத்தை நான் மறுக்கவில்லை. அங்கே இருபது பேர் நகர்கிறார்கள். வீட்டில் நகர்பவர் எப்போதும் ஒருவரே.

இதே சொல் இன்னும் இருட்டான இடத்துக்கும் போயிருக்கிறது. மலையாளத் திரைத்துறையில் பெண்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி ஹேமா தலைமையில் கேரள அரசு 2017இல் அமைத்த குழு 2019 டிசம்பரில் அறிக்கை தந்தது. அது 2024 ஆகஸ்டில்தான் வெளியிடப்பட்டது. ‘அட்ஜஸ்ட்மென்ட்’, ‘காம்ப்ரமைஸ்’ என்ற இரண்டு சொற்களும் அங்குள்ள பெண்களுக்கு நன்கு பழக்கமானவை என்று அந்த அறிக்கை பதிவு செய்திருக்கிறது. வாய்ப்புக்கு ஈடாக உடலைக் கேட்பதற்கு அவை மறைசொற்கள். தமிழ்த் திரைத்துறையிலும் அந்தப் பொருள் அறியாதவர் இல்லை. கேட்பவன் ஒரு கொடுமையைக் கேட்கிறான், ஆனால் அவன் வாயில் வரும் சொல் பேருந்தில் இடம் கேட்கும் சொல். அதனால்தான், மறுக்கும் பெண் ஏதோ இணக்கமில்லாதவள் என்று பெயர் வாங்குகிறாள். மங்கல் உதவி என்று எழுதும்போது இதையும் எண்ணிப்பார்க்க வேண்டும் என்று தம்பியைக் கேட்டுக்கொள்கிறேன்.

---

சோழன்_பயணி

அக்கா, எண்ணிப்பார்த்தேன். நான் எழுதியதில் ‘சேர்ந்து’ என்ற சொல்லை அழுத்தியிருக்க வேண்டும். சேர்ந்து நகராத இடத்தில் அந்தச் சொல்லின் மரியாதை ஏமாற்றாகிவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

---

மன்னை_உழவர்மகன் (மன்னார்குடி)

வணிகவியல் ஆசிரியர் இரண்டு பக்கமும் எழுதப்பட வேண்டும் என்றார். இரண்டு பக்கமும் எழுதப்பட்டு, நடுவில் மனிதனுக்கு ஒன்றும் கிடைக்காத வகையும் ஒன்று உண்டு.

என் தந்தை ஒரு கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியிருந்தார். தவணை முடியும் நாளில், பழைய கடன் 40,000 ரூபாய் அடைந்ததாக ஒரு பதிவு, அதே நாளில் புதிய கடன் 40,000 ரூபாய் வழங்கப்பட்டதாக இன்னொரு பதிவு. இதற்கு ‘புக் அட்ஜஸ்ட்மென்ட்’ என்று பெயர். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. தவணை தவறியவர் என்ற பெயரும் அவருக்கு வரவில்லை. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சம்பாப் பருவத்துக்கு நாற்றங்காலுக்கும் நடவுக்கும் வேண்டிய பணம் ஒரு ரூபாய்கூட அவர் கைக்கு வரவில்லை. பாஸ்புத்தகத்தில் புதுக்கடன் வாங்கியவர், நகையோடு வட்டிக்கடைக்குப் போனார். அம்மாவின் தோட்டை அவர் சட்டைப்பையில் போட்டு, விழாமல் இருக்கப் பையின் வாயைக் குண்டூசியால் குத்திக்கொண்டு சைக்கிளில் ஏறியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சங்கத்தில் இருந்தவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அந்த ஏற்பாட்டுக்கு ‘கடனைத் தள்ளிவைத்தல்’ என்று பெயர் வைத்திருந்தால், புதுக்கடன் கிடைக்கவில்லை என்பது எல்லோருக்கும் விளங்கியிருக்கும்.

---

வீணைமெழுகு (தஞ்சாவூர்)

நாங்கள் வீணை செய்யும் குடும்பம். பலாமரத்தில் உடல் கடைந்து முடிந்தபின், 24 மெட்டுகளையும் (தந்திகளின் அடியில் குறுக்கே வரும் உலோகக் கட்டைகள்) மெழுகில் பதித்து அந்தந்த ஸ்வரத்துக்கு நிறுத்துவதை ‘மேளம் கட்டுதல்’ என்று சொல்கிறோம். நாளாக ஆக மெழுகு இளகும், மெட்டு மயிரிழை நகரும். அப்போது வாசிப்பவர் திரும்பக் கொண்டுவருவார். வெளியூர்க்காரர்கள், “ஃப்ரெட்டை அட்ஜஸ்ட் பண்ணிக் கொடுங்க” என்பார்கள். எங்கள் வாயில் அது மேளம் கட்டுதல்தான். தந்தியைச் சேர்த்தால் சுருதி சேர்த்தல். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது, ஏனென்றால் வேலை வேறு.

ஒன்று மட்டும் சேர்க்க விரும்புகிறேன். 24 மெட்டும் ஒன்றையொன்று பார்த்து நகர்வதில்லை. எல்லாமே ஆதார ஷட்ஜத்தை, அதாவது மற்ற ஸ்வரங்களுக்கெல்லாம் அடிப்படையான ‘ஸ’வைப் பார்த்துத்தான் நகரும். ஒரு மெட்டுக்காக இன்னொன்றை நகர்த்தத் தொடங்கினால் முழு வீணையும் கெட்டுவிடும். உங்கள் வாய்க்காலுக்கு ஆதார ஷட்ஜம் எது என்று கூட்டத்தில் கேட்டீர்களா ஐயா?

---

கடைமடைக்காரன் (திருத்துறைப்பூண்டி)

அதைக் கேட்க யாராவது வருவார்களா என்று காத்திருந்தேன். ஆதார ஷட்ஜம் ஏக்கர்தான். வேறு எதுவும் இல்லை.

எங்கள் பகுதிக்கு வரும் தண்ணீர் கல்லணையில் வெண்ணாற்றுக்குப் பிரிந்து, நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் மறுபடியும் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, அதற்குப் பிறகும் எத்தனையோ சட்ரஸ்களையும் (நீரைத் தடுத்துப் பிரித்துவிடும் கதவணைகள்) மதகுகளையும் கடந்து வருகிறது. மேட்டூரை வழக்கம்போல் ஜூன் 12இல் திறந்தாலும், 2022இல் திறந்ததுபோல் மே 24இலேயே திறந்தாலும், எங்களுக்குத் திறந்த நாள் என்பது எங்கள் மடையில் நீர் ஏறும் நாள்தான். இரவு இரண்டு மணிக்கு டார்ச் விளக்கோடு மடைவாயில் உட்கார்ந்திருப்போம். முதலில் ஈரமண் வாசனை வரும். பிறகு, சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் ஊர்ந்து வரும். வெடித்த வாய்க்காலின் பிளவுகளில் அது இறங்கி மறையும். பிளவு நிறைந்த பிறகே முன்னே நகரும். விடியும்வரை இருந்தும் வயலுக்கு ஏறாத நாள்கள் உண்டு.

எங்கள் தாத்தா காலத்தில் ‘அட்ஜஸ்ட்’ என்ற சொல் கிடையாது. ‘முறை’ என்ற சொல்தான். பகல் முறை, இராமுறை என்று யாருக்கு எப்போது என்பதை ஊரே அறியும். முறை வராத வயலில் மடையை வைக்கோல் பிரியும் சேறும் வைத்து அடைத்துவிடுவார்கள், திறந்தால் பஞ்சாயத்து. முறை கடுமையானதுதான், ஆனால் அதில் என் பெயர் எழுதியிருந்தது. ‘அட்ஜஸ்ட் பண்ணிப் போங்க’ என்பதில் என் பெயர் இல்லை, என் பயிர் மட்டும் இருக்கிறது.

மாநிலங்களுக்கு இடையேகூட இதுதான் நடந்தது. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று தந்த இறுதித் தீர்ப்பில் 740 டிஎம்சியை (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) எடுத்துக்கொண்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று எண் போட்டுப் பிரித்தது. மழை குறைந்த ஆண்டில் அந்தந்தப் பங்கை அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று, கர்நாடகம் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் விட வேண்டிய அளவை 192இலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தபோது நமக்கு வலித்தது. ஆனாலும் எவ்வளவு குறைந்தது என்று எண்ணைக் காட்டிப் பேச முடிந்தது. எண் இருந்தால் அழலாம், கேட்கலாம், வழக்குப் போடலாம். நம் வாய்க்காலில் அந்த எண்ணும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. தலைமடைக்கு மூன்று நாள், கடைமடைக்கு மூன்று நாள் என்று சமமாகப் பிரித்தாலும் அது சமமில்லை. எங்கள் மூன்று நாளில் முதல் நாளின் பெரும்பகுதி தண்ணீர் நடந்து வருவதிலேயே போய்விடும். நடந்து வரும் நேரத்தை யார் கணக்கில் எழுதுவது?

---

ஆழித்தேரடி (திருவாரூர்)

எங்கள் ஆழித்தேர் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. இப்போது திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் பொருத்திய ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது என்றாலும், வீதி முனையில் தேரைத் திருப்புவது சக்கரத்தின் அடியில் செருகும் முட்டுக்கட்டைதான். முன்னால் வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அவர்களுக்குச் சக்கரம் தெரியாது. சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் குனிந்து ஓடுபவருக்குத்தான் எந்தக் கட்டையை எந்தக் கோணத்தில் போட வேண்டும் என்று தெரியும். வாய்க்கால் கூட்டத்தைக் கடைமடையில் ஒரு முறை நடத்துங்கள் என்று சொல்ல விரும்புகிறேன்.

---

சொல்லாய்வு_ஐயாறு

கடைமடை நண்பரின் பதிவுக்குப் பிறகு எனக்கு ஒரு சொல் நினைவுக்கு வந்தது: நிரவல். அரசுப் பள்ளிகளில் ஆசிரியர் உபரியாக உள்ள இடத்திலிருந்து பற்றாக்குறை உள்ள இடத்துக்கு மாற்றுவதைப் ‘பணிநிரவல்’ என்றே அரசாணைகள் எழுதுகின்றன. ஆசிரியர் ஒருவர் வராத நாளில் அவருடைய வகுப்பை இன்னொருவர் பார்ப்பதை ‘அட்ஜஸ்ட்மென்ட் பீரியட்’ என்கிறோமே, அதே துறையில் இந்த நல்ல சொல்லும் வாழ்கிறது.

அதன் வேர் வயலில் இருக்கிறது. உழுத சேற்றில் பரம்படித்து நிரவுகிறோம். மேடாக விட்டால் அங்கே நீர் நிற்காமல் களை ஏறும். பள்ளமாக விட்டால் நாற்று மூழ்கி அழுகும். எனவே மேட்டு மண்ணை இழுத்துப் பள்ளத்தில் போடுகிறோம். இந்தச் சொல்லுக்குத் திசை இருக்கிறது என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். பள்ளத்து மண்ணை வாரி மேட்டில் கொட்டிவிட்டு அதை நிரவல் என்று தமிழில் யாராலும் சொல்ல முடியாது. ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

விட்டுக்கொடுத்தல், ஈடுகட்டுதல், இணங்குதல், ஒப்பேற்றுதல், பொறுத்துக்கொள்ளுதல் என்று இதுவரை வந்ததும் வராததுமான சொற்கள் பலவற்றிலும் இப்படி ஒரு திசை உண்டு. விட்டுக்கொடுத்தால் கொடுத்தவர் தெரிகிறார், அவருக்கு ஒரு பெருமையும் சேர்கிறது. பொறுத்துக்கொண்டால் வலி தெரிகிறது. ஒப்பேற்றினால் குறை தெரிகிறது. பேச்சில் இரவல் சொல் இருந்துவிட்டுப் போகட்டும். கையெழுத்து விழும் தாளில் திசையுள்ள சொல்லையே எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

---

மயூரத்தாள்

விட்டுக்கொடுத்தல் என்பதை நான் என் மருமகளிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ‘நீ விட்டுக்கொடு’ என்று சொன்னவுடனே, ‘நீங்க எதை விட்டுக்கொடுக்கப்போறீங்க?’ என்று அவள் கேட்டாள். சரியான கேள்வி. அன்றிலிருந்து விருந்தாளி வந்தால் முதலில் உலை வைக்கிறோம், பிறகுதான் இலை போடுகிறோம்.

---

டேப்பட்_பட்டுக்கோட்டை

ஐயா, அந்த ஷட்டர் இறங்காததற்குத் திருகுத்தண்டில் துரு ஏறி மரை தேய்ந்திருக்கலாம். கிரீஸ் மட்டும் தடவிவிட்டு அட்ஜஸ்ட் செய்தாகிவிட்டது என்று யாரையும் எழுத விடாதீர்கள். தண்டைக் கழற்றிக் கடைசலுக்குக் கொடுக்க வேண்டும். கசிகிற ஷட்டர் இருக்கும்வரை எந்த முறையும் நிற்காது.

---

குடமுருட்டிக்கரை

அனைவருக்கும் நன்றி. உங்கள் பதிவுகளைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, நேற்று மாலை மறுபடியும் கூட்டத்தைக் கூட்டினோம். ஆழித்தேரடி நண்பர் சொன்னபடி, கடைசி மடையின் கரையிலிருக்கும் அரசமரத்தடியில் உட்கார்ந்தோம். தலைமடையிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். அவர்களில் மூவர் அந்த இடத்துக்கு வருவது இதுவே முதல் தடவை. வெடித்துக் கிடந்த வாய்க்காலுக்குள் ஒருவர் இறங்கி, பிளவுக்குள் கையை விட்டு மணிக்கட்டுவரை போகிறது என்று காட்டினார். அதற்குப் பிறகு அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. “நாங்கதான் முறைய விட்டுட்டு இந்தப் பேச்சுக்கு வந்துட்டோம்” என்று தலைமடைப் பெரியவர் ஒருவரே சொன்னார்.

ஏக்கர்க் கணக்கை எடுத்தோம். தலைமடை 60, நடுமடை 45, கடைமடை 45, ஆக 150 ஏக்கர். பத்து நாள் நீர் கிடைத்தால் நான்கு, மூன்று, மூன்று என்று பிரிகிறது. நடைநேரம் பற்றித்தான் ஒரு மணிநேரம் வாதம் நடந்தது. தலைமடையின் முதல் நாளிலிருந்து அதைக் கழிக்கலாம் என்று சிலரும், மூன்று பகுதியும் சேர்ந்து தாங்க வேண்டும் என்று சிலரும் சொன்னார்கள். இரண்டாவது நின்றது. தீர்மானப் புத்தகத்தில் நான் எழுதியதை அப்படியே தருகிறேன்.

‘தீர்மானம் 1: தலைப்பு ஷட்டரின் திருகுத்தண்டைக் கழற்றி மரை கடைந்து மாட்ட, பொதுப்பணத்திலிருந்து செலவிடுவது. தீர்மானம் 2: சென்ற ஆண்டு வசூலில் மீந்த 3,450 ரூபாயை இவ்வாண்டு வசூலில் ஏக்கர் விகிதப்படி கழித்துக்கொள்வது. தீர்மானம் 3: கூடுதல் நீர் கோரி எல்லோரும் கையெழுத்திட்ட மனுவை நேரில் கொடுப்பது. தீர்மானம் 4: நீர் குறைந்த நாள்களில் முறை வைப்பது. முறை கடைமடையிலிருந்து தொடங்கும். தலைப்பில் நீர் திறந்த நேரத்திலிருந்து கடைசி மடையில் நீர் ஏறும் நேரம்வரை நடைநேரம் என்று குறிக்கப்படும். அது எந்தப் பகுதியின் முறையிலும் சேராது. அதன்பின் கடைமடைக்கு மூன்று பங்கு, நடுமடைக்கு மூன்று பங்கு, தலைமடைக்கு நான்கு பங்கு நாள். நடைநேரத்தைக் குறிக்க ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒருவர் கடைசி மடையில் இருப்பார்.’

மூன்றாவது தீர்மானத்துக்குப் பின்வரிசைக் குரலும் கையெழுத்துப் போட்டது.

---

கடைமடைக்காரன்

படித்தேன் ஐயா, இரண்டு முறை படித்தேன். அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நாளை காலை எங்கள் வாய்க்காலிலும் ஏக்கர்க் கணக்கோடு உட்காருகிறோம். நடைநேரம் என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறோம்.